முகூர்த்தத்துக்கும் ரயிலுக்கும் நடுவே மதுரை

காலை ஒன்பதரை முகூர்த்தம். தாலி ஏறியாயிற்று. மேடையேறிப் படம் எடுத்துக்கொண்டு, மொய் எழுதி, இரண்டாவது பந்தியில் சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு மண்டபத்து வாசலுக்கு வரும்போது மணி பன்னிரண்டு. ஊர் திரும்ப ரயில் இரவுதான். "இவ்வளவு தூரம் வந்துட்டு மீனாட்சியைப் பார்க்காமப் போறதா?" என்று கூட வந்த பெரியம்மா கேட்க, சென்னைக் குடும்பம் ஒன்று ஆட்டோ பிடிக்கிறது. சித்திரை வீதிக்குள் காலை வைக்கும்போது மணி 12.40. நடை சாத்திப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. இனி நான்கு மணிக்குத்தான். பட்டுப்புடவை உடம்பில் கசகசக்க, செருப்பில்லாத கால் கருங்கல்லில் சுட, குழந்தை தூக்கத்துக்கு அழ, மூன்றரை மணி நேரத்தை எங்கே கழிப்பது என்று தெரியாமல் அந்தக் குடும்பம் தெருவில் நிற்கிறது.

முகூர்த்த நாட்களில் மதுரையின் கோயில் வாசல்களில் இந்தக் காட்சி புதிதில்லை. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஊரில் பார்க்க இடமா இல்லை? இடம் நிறைய இருக்கிறது. எந்த நேரத்தில் எங்கே போகவேண்டும் என்று சொல்ல ஆள்தான் இல்லாமல் போய்விட்டது.

முன்பு அந்த ஆள் கல்யாண வீட்டிலேயே இருந்தார். பெரும்பாலும் ஒரு சித்தப்பா, அல்லது கல்யாணமாகாத தாய்மாமன். பந்தலுக்கும் பாத்திரத்துக்கும் ஓடுவதுபோலவே, வெளியூர்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவதும், திரும்பும் வழியில் அல்வா வாங்கிக் கொடுப்பதும் அவர் பொறுப்பு. விருந்தாளிகளும் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும்தான் படுத்தார்கள். இன்று அறை லாட்ஜில், சாப்பாடு கான்ட்ராக்டில், அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில். அதில் மண்டபத்தின் வரைபடம் வருகிறது. ஊரின் வரைபடம் வருவதில்லை. வேலையையும் விடுப்பையும் சரிக்கட்டிக்கொண்டு நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் கடந்து வருகிறவர்கள் ஊரில் கழிப்பது ஒன்றரை நாள். அதில் கல்யாணத்துக்குச் செலவாவது ஏழெட்டு மணி நேரம். மிச்ச நேரம் அறையில் டிவி பார்ப்பதில் கரைகிறது.

மதுரையை இடக்கணக்கில் பார்த்தால் எதுவும் பிடிபடாது. இங்கே ஒவ்வொரு மணிக்கும் ஓர் ஊர் இருக்கிறது. விடிகாலை ஊர் வேறு, பகல் ஊர் வேறு, ராத்திரி பதினோரு மணி ஊர் முற்றிலும் வேறு. கல்யாண விருந்தாளிக்கு மூன்று இடைவெளி கிடைக்கிறது: வந்து இறங்கிய காலை முதல் மாலை வரவேற்பு வரை ஒன்று, வரவேற்பு முடிந்த இரவு ஒன்று, முகூர்த்தச் சாப்பாட்டுக்குப் பிறகு ரயில் வரை ஒன்று. இந்த மூன்றையும் ஊரின் கடிகாரத்தோடு பொருத்திவிட்டால் போதும்.

வெறும் வயிறும் அதிகாலையும்

பாண்டியன் எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் இருட்டுப் பிரியும் நேரத்தில் இறங்குகிறார்கள். பேருந்தில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். திருச்சி, சென்னைப் பக்கமிருந்தும் திருநெல்வேலிப் பக்கமிருந்தும் வரும் வண்டிகள் மாட்டுத்தாவணியில் நிற்கும். கோவை, திண்டுக்கல், தேனி வண்டிகளுக்கு ஆரப்பாளையம். இரண்டும் ஊரின் வெவ்வேறு மூலைகள். "பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்" என்று மட்டும் சொல்லும் மச்சானைத் தேடி இங்கிட்டும் அங்கிட்டும் அலைந்த மாப்பிள்ளை வீட்டார் எத்தனையோ பேர்.

அறை பெரும்பாலும் ரயில் நிலையத்துக்கு எதிரே, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியிலோ டவுன்ஹால் ரோட்டை ஒட்டியோ இருக்கும். பெட்டியை வைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தால் எழும்போது ஒன்பது மணி. கஷ்டம்தான், ஆனாலும் குளித்துவிட்டு உடனே கிளம்புவதே நல்லது. வழக்கமான நாட்களில் மீனாட்சியம்மன் கோயில் காலை 5 மணிக்கே திறந்துவிடுகிறது. ஆறு மணிக்குள் உள்ளே போகிறவருக்குக் கிடைப்பது பகல் கூட்டம் ஒருநாளும் காணாத கோயில். கல்தரை குளிர்ந்து கிடக்கும். பொற்றாமரைக் குளத்தின் படியில் உட்கார்ந்து பார்த்தால் தெற்குக் கோபுரத்தின் மேல் முதல் வெளிச்சம் விழுவது தெரியும். கோயிலின் பதினான்கு கோபுரங்களில் அதுதான் உயரமானது, 160 அடிக்கு மேல்.

செல்போனை உள்ளே கொண்டுபோக முடியாது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு வந்த கட்டுப்பாடு இது. வாசலிலேயே பாதுகாப்பறை இருக்கிறது, அல்லது அறையிலேயே வைத்துவிட்டு வரலாம். அரைக்கால் சட்டையும் லுங்கியும் ஆகாது. போன் இல்லாமல் இரண்டு மணி நேரம் கோயிலுக்குள் நடப்பது முதலில் கையொடிந்தது போலிருக்கும். பிறகு கண் வேலை செய்யத் தொடங்கும்.

மதுரையில் முதல் வணக்கம் அம்மனுக்கு. கிழக்கே அஷ்டசக்தி மண்டபத்தின் வழியாக நுழைந்து, மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டுத்தான் சொக்கநாதரிடம் போவது ஊர் வழக்கம். "உங்க வீட்டுல மதுரையா, சிதம்பரமா?" என்று புதுமாப்பிள்ளையைக் கேட்பது இந்த வரிசையிலிருந்து பிறந்த கேள்விதான். சித்திரையில் முடிசூடும் மீனாட்சி நான்கு மாதம் ஆள்கிறாள். ஆவணியில் செங்கோல் சுந்தரேசுவரரிடம் போகிறது. கணவனும் மனைவியும் ஆண்டைப் பங்கிட்டு ஆளும் ஊர் இது.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் தவறவிடக்கூடாத ஒன்று சுவாமி சன்னதிக்கு முன்னுள்ள கம்பத்தடி மண்டபத்தில் இருக்கிறது. ஒரே தூணில் மூன்று பேர். நடுவில் மீனாட்சி, ஒருபுறம் சிவன், மறுபுறம் தங்கையின் கையைப் பிடித்துக் கொடுக்கும் திருமால். படைநடத்திப் பகைவரை வென்ற அரசி என்று புராணம் சொல்லும் அந்தப் பெண், இங்கே தலையை லேசாகச் சாய்த்து நிற்கிறாள். தாரைவார்க்கும் அண்ணன் முகத்தில் எந்தக் கல்யாண மண்டபத்திலும் பார்க்கக்கூடிய நிறைவு. மதுரைக் கல்யாணப் பத்திரிகைகளில் அச்சாகிவரும் படத்தின் மூலம் இந்தத் தூண்தான். பத்திரிகையைக் கையில் வாங்கியவர்கள் கல்லையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பவை 985 தூண்கள். பிள்ளைகளை எண்ணச் சொன்னால் அரைமணி நேரம் நிம்மதியாகப் போகும்.

மாதங்களின் பெயரில் தெருக்கள்

கோயிலை விட்டு வெளியே வந்ததும் காலைச் சாப்பாடு. இட்லியும் நான்கு வகைச் சட்னியும் இந்த ஊரில் சின்ன மெஸ்ஸிலும் குறைவைக்காது. சாப்பிட்ட கையோடு ஆட்டோ ஏறாமல் கொஞ்சம் நடக்கவேண்டும். மதுரையின் நடுப்பகுதி ஒரு கோலம்போல. கோயிலுக்குள்ளேயே ஆடி வீதி. வெளியே சதுரத்துக்குள் சதுரமாகச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. நான்கு திசைக்கும் நான்கு. இந்தக் கணக்குப் புரிந்துவிட்டால் புதிதாய் வந்தவரும் வழிதவற மாட்டார். கோயிலிலிருந்து எத்தனையாவது சுற்று, எந்தத் திசை, இரண்டும் தெரிந்தால் போதும்.

ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு திருவிழா. மாசி வீதியில் ஏன் சித்திரைத் தேர் ஓடுகிறது என்று கேட்பவருக்கு ஊர்க்காரர் சொல்லும் பதில் திருமலை நாயக்கரிடம் போய் முடியும். 1623 முதல் 1659 வரை ஆண்ட அவர்தான், மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் விழாவோடு சேர்த்தவர். அறுவடை முடிந்து கிராமத்து மக்களின் கை ஓய்ந்திருக்கும் மாதம் அது.

வெளி வீதிகள் பிற்காலத்தவை. அங்கே நாயக்கர் காலக் கோட்டைச் சுவர் இருந்தது. 1840களில் ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் அதை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரித்தார். அந்த வேலையை மேற்பார்த்தவர்களில் ஒருவர் பெருமாள் மேஸ்திரி, இன்னொருவர் மாரெட் என்ற ஆங்கிலேயர். இருவர் பெயரிலும் தெருக்கள் நிற்கின்றன. பிளாக்பர்ன் நினைவாக வைத்த விளக்குதான் விளக்குத்தூண். அறை எடுத்திருக்கும் தெருவின் பெயருக்குள் ஒரு கோட்டை இடிபட்ட கதை இருக்கிறது என்று தெரிந்தால், லாட்ஜ் ஜன்னலைத் திறக்கும் விருப்பம் கொஞ்சம் கூடும்.

மேலமாசி வீதியில் ஒரு மாடிவீடு இருக்கிறது. கீழே கதர்க்கடை. 1921 செப்டம்பர் 22 அன்று காலையில் அந்த மாடியிலிருந்து இறங்கி வந்த காந்தி, மேல்சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு அரையாடையோடு வந்தார். பிறகு கடைசிவரை அதுதான் அவர் உடை. பட்டும் நகையுமாகக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் அந்தப் படியேறிப் பார்ப்பது ஒரு நல்ல அனுபவம். சுட்டுக் கொல்லப்பட்டபோது அவர் உடுத்தியிருந்த, ரத்தக் கறை படிந்த துணி இதே ஊரில், ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959இல் நேரு திறந்துவைத்த காந்தி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆடை மாறிய இடமும் அந்த ஆடையின் கடைசித் துண்டும் சேர்ந்திருக்கும் ஊர் மதுரை. உள்ளூர்க்காரர்களே இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

மதிய வெயிலில் திருமலை நாயக்கர் மகால். கோயில்கள் சாத்திக் கிடக்கும் நேரத்தில் திறந்திருக்கும் இடம். காலை 9 முதல் மாலை 5 வரை. 1636இல் கட்டியது. இன்று நிற்பது அசல் அரண்மனையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது நிறைய பெயர்த்துக்கொண்டு போனார். மிஞ்சியதை 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் சீர்செய்தார். கட்டிப்பிடித்தால் கை எட்டாத வெள்ளைத் தூண்களின் நிழல் கடும் கோடையிலும் குளிர்ச்சி. 1995இல் வந்த 'பம்பாய்' படத்தின் கல்யாண வீட்டுப் பாட்டு இந்தத் தூண்களுக்கு நடுவேதான் படமானது. அதைச் சொன்னால் கூட வந்த அக்காக்கள் ஆளுக்கொரு தூணைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்காமல் கிளம்ப மாட்டார்கள்.

நேரம் தாராளமாக இருக்கிறவர்களுக்குக் கீழடி. ஊரிலிருந்து சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர், ராமேசுவரம் போகும் சாலையில். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டுச் சாயலில், முற்றம் முற்றமாக விரிகிறது. பானை ஓடுகளில் கீறிய பெயர்களைப் படித்துவிட்டு நகர்ந்தால், தந்தத்தில் செய்த பகடைக்காய், தக்களி, பெண்களின் மணிகள். அரசனோ கடவுளோ முன்னால் வந்து நிற்காத அருங்காட்சியகம். குடும்பத்துச் சாமான்களாகவே இருப்பதால் பாட்டியும் பேத்தியும் சேர்ந்து பார்க்க ஏற்றது.

வெளியூரிலிருந்து வந்த அண்ணன்

இந்த ஊரின் பெரிய கதையே ஒரு வெளியூர்க் கல்யாண விருந்தாளியின் கதைதான். மீனாட்சியின் அண்ணன் அழகர், மதுரைக்கு வடக்கே இருபத்தொரு கிலோமீட்டரில் மலையடிவாரத்தில் இருப்பவர். தங்கை கல்யாணத்துக்குச் சீர்வரிசையோடு கிளம்புகிறார். வழியெல்லாம் மண்டகப்படி. ஒவ்வொரு மண்டபத்திலும் நின்று, பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்களை மறுக்க முடியாமல் தங்கித் தங்கி வருகிறார். தல்லாகுளத்தில் ஊரே திரண்டு எதிர்சேவை செய்கிறது. மறுநாள் ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையோடு குதிரையேறி வைகைக்குள் இறங்கினால், கல்யாணம் முடிந்துவிட்டது என்ற சேதி. கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமலே வண்டியூருக்குப் போய்விடுகிறார். பிறகு தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம், ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம், தல்லாகுளத்தில் பூப்பல்லக்கு, மலைக்குத் திரும்பல்.

இதில் மதுரைக்காரர்கள் படித்துக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. தாமதமாக வந்த விருந்தாளிக்காக ஊர் வருத்தப்படுகிறது. அவர் வராவிட்டாலும் நாம் போய்ப் பார்ப்போம் என்று லட்சக்கணக்கானோர் ஆற்றங்கரையில் நிற்கிறார்கள். அதே கல்யாணத்துக்குத் திருப்பரங்குன்றத்திலிருந்து மகன் முருகன் வருகிறார், தங்கையைத் தாரைவார்த்துக் கொடுக்கப் பவளக்கனிவாய்ப் பெருமாளும் வருகிறார். பங்குனியில் முருகனுக்குக் கல்யாணம் நடக்கும்போது மீனாட்சியும் சொக்கநாதரும் கிளம்பிப்போய்த் திரும்பச் செய்கிறார்கள். வந்தவர் வீட்டு விசேஷத்துக்குப் போயாக வேண்டும் என்ற நம் மொய்க் கணக்கு அங்கேயும் நடப்பில் இருக்கிறது.

மீனாட்சி கல்யாணத்தன்று வடக்கு வெளி வீதியில், 1904இல் பாரதியார் சில மாதம் தமிழாசிரியராயிருந்த சேதுபதி பள்ளியில், பொதுமக்களுக்குக் கல்யாண விருந்து. சாப்பிட்டவர்கள் மொய் எழுதிவிட்டுத்தான் போகிறார்கள். வீடுகளில் பெண்கள் புதுத் தாலிச்சரடு மாற்றிக்கொள்கிறார்கள். சித்திரையில் மதுரையில் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் இந்தத் தேதிகளோடு மோதுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மோதினால் அறை கிடைக்காது, சாலைகள் அடைத்திருக்கும். அதையெல்லாம் தாங்கிக்கொண்டு இருந்துவிட்டால், வாழ்நாளில் பார்த்த கல்யாணங்களிலேயே பெரியதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம்.

இரவு பதினோரு மணி ஊர்

வரவேற்பு முடிந்து மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் மறுநாள் கணக்கில் மூழ்கும் நேரம். மண்டபச் சாப்பாடு வயிறு நிறைய இருந்தாலும், ஒன்றுவிட்ட தம்பிகள் நான்கைந்து பேர் மெதுவாக நழுவுவார்கள். தூங்கா நகரம் என்ற பெயரைச் சரிபார்க்கவேண்டிய நேரம் அதுதான். தெருமுனையில் பரோட்டாக் கல்லில் இரண்டு கரண்டிகள் தாளம் போடும். பன் பரோட்டா, கையகலத்தில் உப்பி, மேலே மொறுமொறுப்பாக, உள்ளே பஞ்சாக; சால்னாவில் ஊறும் முன் பிய்த்துத் தின்றுவிட வேண்டும். சிம்மக்கல் பக்கம் கறிதோசை: அடியில் தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் கொத்துக்கறி, மூன்றும் ஒன்றாக வெந்து இறங்கும். ஒன்றை மூன்று பேர் பங்குபோட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். முகூர்த்தம் ஒன்பதரைக்கு, மணப்பெண்ணின் தம்பி மந்தமாக நிற்கக்கூடாது.

ஜிகர்தண்டா பகலில் சாப்பிட வேண்டியது. பாதாம் பிசின், நன்னாரி சர்பத், காய்ச்சிக் குறுக்கிய பால், மேலே ஐஸ்கிரீம். விளக்குத்தூண் பக்கத்துக் கடையில் நின்றுகொண்டே குடிப்பார்கள். வெளியூர்க்காரர்கள் இதோடு நின்றுவிடுவதுதான் வருத்தம். மதுரையின் மாலைக்குச் சொந்தமான பானம் பருத்திப்பால். பருத்திவிதையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் கருப்பட்டியோ வெல்லமோ, சுக்கு, ஏலம், தேங்காய்ப்பூ. தள்ளுவண்டியில் ஆவி பறக்கும். முந்தின இரவு ஏசி அறையில் தொண்டை கட்டிக்கொண்ட மாமாவுக்கு மருந்தும் அதுவே.

சௌராஷ்டிரர்கள் வாழும் தெருக்களில் மாலைநேரத்துக்கு முள்ளுமுருங்கை பூரி. இலையை அரிசியோடு அரைத்துத் தட்டிப் பொரித்து, மேலே காரப்பொடி தூவிக் கொடுப்பார்கள். பச்சை நிறம், லேசான கசப்பு, நுனிநாக்கில் உறைப்பு. நாயக்கர் காலத்திலிருந்து இந்த ஊரில் நெசவும் சாயமுமாக வாழும் மக்களின் கைப்பக்குவம் இது. விருந்தாளிகளுக்கு யாரும் சொல்லாததால் அவர்கள் தின்னாமலே போய்விடும் பண்டமும் இதுதான்.

மத்தியானம் கொடுத்த பரிசு

மறுநாள், அந்தப் பன்னிரண்டு மணிச் சிக்கலுக்குத் திரும்புவோம். முகூர்த்தம் முடிந்து மண்டபத்தை மூன்று மணிக்குள் காலி செய்ய வேண்டும். மாலையில் அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு வாழைமரம் வந்து இறங்கும். லாட்ஜுகளில் பல இருபத்துநான்கு மணி நேரக் கணக்கில் இயங்குபவை. முந்தின நாள் காலை ஐந்துக்கு அறை எடுத்தவருக்கு இன்று காலை ஐந்தோடு கெடு முடிந்தது. ஆகவே வெளியூர்க்காரர்கள் பெட்டியும் கையுமாக நிற்கிறார்கள். கல்யாண வீட்டார் ஒரே ஓர் அறையை இரவு வரை வைத்திருந்தால் போதும். பெட்டிகள் அங்கே கிடக்கும், பெரியவர்கள் காலை நீட்டலாம். நூறு பேர் விருந்தில் ஒரு பலகாரத்தைக் குறைத்தால் அந்த அறையின் வாடகை வந்துவிடும்.

ஒன்று முதல் மூன்றரை வரை தூக்கம். விருந்துச் சாப்பாட்டுக்குப் பின் மதுரை வெயிலில் சுற்றுலாப் போவது உடம்புக்குச் செய்யும் துரோகம். எழுந்து முகம் கழுவி நான்கு மணிக்குக் கிளம்பினால் இன்னும் நான்கைந்து மணி நேரம் முழுசாக இருக்கிறது, ஊரும் அப்போதுதான் திரும்பக் கண் விழிக்கும்.

அப்போது திருப்பரங்குன்றம் போகலாம். எட்டு கிலோமீட்டர். முருகன் தெய்வானையை மணந்த இடம் என்பதால் முகூர்த்த நாளில் மண்டபமெல்லாம் மணமக்கள். ஒரு கல்யாணத்துக்கு வந்தவர் பல ஜோடிகளைப் பார்த்துவிட்டு வரலாம். குன்றைக் குடைந்த கருவறை. அபிஷேகம் வேலுக்கு மட்டுமே. மலையேற்றத்தில் விருப்பமுள்ள இளசுகளுக்கு நாகமலைப் புதுக்கோட்டையை ஒட்டிய கீழக்குயில்குடியில் சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். படியேறினால் பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், கீழே வட்டெழுத்து. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். சூரியன் சாயும் நேரத்தில் அந்தப் பாறை தேன் நிறம் கொள்ளும்.

அழகர்கோயிலுக்குப் போகிறவர்கள் பாதி நாள் ஒதுக்கவேண்டும். பதினெட்டாம்படிக் கருப்பணசாமி, மலைமேல் பழமுதிர்சோலை, நூபுர கங்கை. பிரசாதம் தோசை: பெரிய வெல்லக்கட்டி கனத்தில், மிளகும் சுக்கும் உளுந்தும் நெய்யும் மணக்கும். இரண்டு நாள் கெடாது. ஊருக்கு எடுத்துப்போகத் தகுந்தது.

நடக்க முடியாதவர்களுக்கும் சிறுவர்களுக்கும் வண்டியூர்த் தெப்பக்குளம் போதும். ஏறக்குறைய ஆயிரம் அடிப் பக்கமுள்ள நீர்ப்பரப்பு. நடுவே மைய மண்டபம். கரையைச் சுற்றிக் காற்று, அவித்த கடலை, ஐஸ்வண்டி. தைப்பூசத்தில் மீனாட்சி இங்கே தெப்பத்தில் வலம் வருகிறாள். மகால் கட்ட மண் எடுத்த பள்ளம் இது என்றும், தோண்டும்போது கிடைத்தவர்தான் கோயிலிலுள்ள முக்குறுணி விநாயகர் என்றும் ஊர் சொல்லும். படிக்கிற பிள்ளை கூட வந்திருந்தால் புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலையில் திறந்தது. குழந்தைகள் பிரிவுக்குள் விட்டால் திரும்ப அழைத்து வருவதுதான் கஷ்டம்.

வாங்கிப்போக ஒரு துணி உண்டென்றால் அது சுங்குடி. 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. துணியை நகநுனியில் கிள்ளி நூலால் கட்டி, சாயத்தில் தோய்த்து, பிறகு முடிச்சை அவிழ்த்தால் புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு; போடுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெண்கள். கடையில் அச்சடித்ததும் அதே பெயரில் விற்கிறது. தடவிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: கையால் கட்டியதில் புள்ளி தோறும் துணி லேசாகச் சுருங்கி மேடிட்டிருக்கும், ஒரு புள்ளிபோல் இன்னொன்று இருக்காது. விலை கூடத்தான். அந்தப் பெண்களின் விரலுக்குப் போகும் காசு அது, பேரம் பேசாமல் கொடுக்கலாம்.

ஒரே ஒரு தாள்

கல்யாண வீட்டாருக்கு இனி ஒரு வேண்டுகோள். தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலைபாக்கு வைக்கிறார்கள். அந்த வெற்றிலை பக்கத்திலிருக்கும் சோழவந்தானுடையதாக இருக்கும், அதற்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதோடு ஊரைப் பற்றி ஒரு தாள் வைத்தால் என்ன? விருந்தாளி கிளம்பும்போது வைத்தால் பயனில்லை. வந்து இறங்கும்போது அறைச் சாவியோடு கொடுக்க வேண்டும். இருபது இடங்களின் பட்டியல் எதற்கு? கோயில் நடை திறக்கும் நேரம், சாத்தும் நேரம், போன் கிடையாது என்ற எச்சரிக்கை. எந்தப் பேருந்து நிலையம் எந்த ஊருக்கு. அந்த வீட்டார் தாங்களே போய்ச் சாப்பிடும் இரண்டு கடைகள், ஒன்று சைவம், ஒன்று அசைவம். ஆட்டோவுக்குச் சுமாராக என்ன கேட்பார்கள். கடைசியாக, ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் எடுக்கும் ஒரு சித்தப்பா மகனின் பெயரும் எண்ணும்.

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். கைபேசியில் ஊரை விவரிக்கும் பக்கங்கள் ஆயிரம் உண்டு. "மதினி, இன்னிக்குப் பிரதோஷம், சாயங்காலம் கூட்டம் தாங்காது, காலையிலயே போயிட்டு வந்துருங்க" என்று சொல்ல அவற்றால் ஆகாது. வெளியூரிலிருந்து வந்த சொந்தம் எவ்வளவு நேரம் வரிசையில் நின்றது, சாப்பிட்டதா, வெயிலில் வாடியதா என்று கவலைப்படும் ஒரு மனிதர் ஊரில் இருக்கிறார் என்பதுதான் விருந்தோம்பல். மற்றதெல்லாம் ஏற்பாடு.

இரவு ரயில் பதினோரு மணியை ஒட்டியிருந்தால் இன்னொன்று மிச்சமிருக்கிறது. ஒன்பதரை மணிவாக்கில் கோயிலில் பள்ளியறை பூசை. சொக்கநாதரின் பாதம் பல்லக்கில் ஏறி, நாதசுரமும் தீவட்டியுமாக அம்மன் சன்னதிக்குப் போகும். பாலும் பூவும் படைத்து, ஊஞ்சல் பாட்டுப் பாடிக் கதவை அடைப்பார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு கல்யாண வீட்டின் இரவு. கூட்டம் குறைந்திருக்கும், அன்று காலை மாலை மாற்றிய புதுஜோடிகள் ஒன்றிரண்டு பேர் பட்டுக் கசங்கி அங்கே நிற்பார்கள்.

வெளியே வந்ததும் சித்திரை வீதியில் பூக்காரம்மாக்கள் இருப்பார்கள். மதுரை மல்லிக்கு 2013இல் குறியீடு கிடைத்தது. முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணிச் சந்தையில் அதன் விலை தங்கம்போல் ஏறும், பனிக்காலத்தில் கிலோ ஆயிரங்களைத் தொடும். கேட்டு வாங்கவேண்டியது விரிந்ததை அல்ல. "ரயிலுக்குப் போறோம், மொட்டாக் குடுங்கக்கா" என்றால் போதும். நெருக்கிக் கட்டிய இரண்டு முழத்தை வாழையிலையில் சுருட்டி, தண்ணீர் தெளித்து, நாரால் கட்டிக் கொடுப்பார். படுக்கைக்கு மேலே கொக்கியில் மாட்டிவைத்தால், திண்டுக்கல் தாண்டும்போது ஒன்றிரண்டாய் அவிழத் தொடங்கும். விடியற்காலை செங்கல்பட்டில் கண்விழிக்கும் பெரியம்மா அதைத்தான் முதலில் தலையில் வைத்துக்கொள்வார்.